சுவரடித் துளை

பூவாத்தாள் அந்த அடைப்பை உருவியபோது மணி மூன்றே முக்கால். காற்று வந்தது நாலரைக்கு. இடையில் இருந்த முக்கால் மணி நேரத்தில் அவள் செய்ய வேண்டியிருந்தது ஒரே ஒரு வேலைதான். உருவிய அடைப்பைத் திரும்பச் செருக வேண்டும். அதை அவள் செய்யவில்லை.

அடைப்பு என்றால் பெரிய சமாசாரம் ஒன்றும் இல்லை. தேங்காய் மட்டையைக் கை முஷ்டி அளவுக்குச் சீவி, மேலே சாக்குத் துணி சுற்றியது. அது இருந்த இடம், அமீர் ஹம்சாவின் ஆயில் தொட்டியைச் சுற்றி நின்ற இடுப்பளவுச் சுவரின் அடியில். கோயமுத்தூர் கணபதியில் இருக்கிற லேத் பட்டறைகள், கார் ஒர்க்‌ஷாப்புகள், ஈரோட்டு மில்கள் என்று அலைந்து, மிஷினில் ஓடிக் கறுத்துப்போன பழைய ஆயிலை வாங்கிச் சேர்ப்பது அவர் தொழில். எல்லா ஊருக்கும் நடுவாந்திரமாக இருக்கட்டும் என்று கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் மணியங்காட்டுப்புதூரில் இடம் பிடித்து, பெரிய இரும்புத் தொட்டி ஒன்றை நிறுத்தியிருந்தார். மாதம் ஒரு முறை டேங்கர் லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவர் இடம் கேட்டு வந்தபோது ஊர் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. தொட்டிக்கும் பாசன வாய்க்காலுக்கும் இருநூறு அடிகூட இல்லை என்றார்கள். அது நியாயமான பேச்சு. வெளியூர்க்காரன் என்றும் சிலர் சொன்னார்கள். அது அப்படியொன்றும் நியாயமான பேச்சு இல்லை. பூவாத்தாள் அப்போதுதான் வாய்க்கால் பாசன சங்கத்துக்குத் தலைவியாகியிருந்தாள். புருசன் போன பிறகு பத்து வருடம் தனி ஆளாகத் தோட்டம் பார்த்தவள். அவள் கையெழுத்து இல்லாமல் நடக்காது.

"சுத்தியும் சுவரு வெக்கோணுமுங்க பாய். தொட்டி ஒடஞ்சு மொத்த ஆயிலும் ஊத்துனாலும் ஒரு சொட்டு வெளிய போகக்கூடாது. கட்டிப்போட்டு வாங்க, கையெழுத்துப் போடறேன்" என்றாள்.

அமீர் ஹம்சா கட்டினார். இரண்டு பக்கமும் பூசி, உள்ளே தண்ணீரை நிரப்பி, இரண்டு நாள் நிறுத்தி ஊரையே கூப்பிட்டுக் காட்டினார். ஒரு சொட்டுக் கசியவில்லை. ஆக அது அவர் காசில் எழுந்த சுவர் என்றாலும், பூவாத்தாளின் சுவர் என்றுதான் ஊர் சொல்லும். அவளுக்கும் உள்ளுக்குள் அந்தப் பெருமை இருந்தது.

சுற்றுச் சுவர் என்றால் மழைத் தண்ணீர் தேங்கத்தானே செய்யும்? அதற்காகத்தான் அடியில் அந்தத் துளை. மழை விட்டதும் அடைப்பை உருவ வேண்டும். தண்ணீர் வடிகிற வரைக்கும் அங்கேயே நிற்க வேண்டும். கடைசிச் சொட்டு போனதும் உள்பக்கமாக இறங்கி அடைப்பைச் செருக வேண்டும். உள்பக்கமாகச் செருகினால்தான், உள்ளே எது நிறைந்தாலும் அதன் கனமே அடைப்பை இறுக்கும். தான் வர முடியாத நாளில் அமீர் ஹம்சா பக்கத்துத் தோட்டத்துக்காரியான பூவாத்தாளுக்குப் போன் செய்வார்.

"அம்மணி, சிரமம் பாக்காம அந்தத் தண்ணிய வடிச்சு உடுங்க. நின்னு பாத்து அடைச்சுப்போட்டுப் போங்க."

"அதெல்லாம் பாத்துக்கறனுங்க பாய்."

மூன்று வருடமாக இதே பேச்சுத்தான். ஒரு முறையும் பிசகு வந்ததில்லை.

அன்றைக்கு அவள்தான் போன் செய்திருக்க வேண்டும். இரண்டு நாள் கோடை மழையில் சுவருக்குள் தண்ணீர் நின்று கொசு மொய்த்தது. அவளுடைய மாட்டுச்சாளை பக்கத்திலேயே இருந்ததால் கன்றுக்குட்டி ராத்திரியெல்லாம் உடம்பை உதறிக்கொண்டே கிடந்தது. ஆனால் போன வாரந்தான் வேறு வேலையாக அவரை இரண்டு தரம் கூப்பிட்டிருந்தாள். இத்தனூண்டு தண்ணியை வடிக்கிறதுக்கு மறுபடியும் மனுசனைத் தொந்தரவு பண்ணுவதா என்று கூச்சமாக இருந்தது. அடுத்தவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதற்காக எங்கள் பக்கத்து ஆட்கள் எந்த விபரீதத்தையும் செய்வார்கள். அவள் சொல்லாமலேயே அடைப்பை உருவினாள்.

தண்ணீர் பாதிகூட வடிந்திருக்காது, பால் வண்டியின் ஆரன் கேட்டது. வண்டிக்காரன் மூன்று தரம் அடிப்பான், பிறகு போய்விடுவான். பூவாத்தாள் மட்டையைச் சுவர் மேல் வைத்துவிட்டுப் பால் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஊத்திப்போட்டு வந்து அடைச்சுக்கலாம் என்றுதான் நினைத்தாள். பால் ஊற்றுகிற இடத்தில் இரண்டு பேர் சங்கத்து விஷயமாகப் பிடித்துக்கொண்டார்கள். பேச்சு வளர்ந்தது. அப்புறம் வானம் இருட்டியது.

அந்தக் காற்றுக்கு என்ன பெயர் வைப்பது என்று டிவிக்காரர்கள் இரண்டு நாள் சண்டை போட்டார்கள். ஊர்க்காரர்கள் சூறைக்காற்று என்றே சொன்னார்கள். ஆனால் சூறைக்காற்று அவர்கள் பார்க்காததா? இது வேறு. மேற்கே வானத்துக்கும் பூமிக்கும் நடுவில் கறுப்பாக ஒன்று சுற்றிக்கொண்டே வந்தது. எட்டு நிமிடந்தான். பக்கத்திலிருந்த பால் சொசைட்டிக் கட்டடத்துக்குள் பூவாத்தாளோடு பதினாறு பேர் தரையில் படுத்துக்கிடந்தார்கள். எழுந்து வெளியே வந்தபோது எதிர்வீட்டுத் தகரக் கூரை கோயில் வேப்பமரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கரண்ட் கம்பங்கள் படுத்திருந்தன. உயிர்ச்சேதம் இல்லை என்று தெரிந்ததும் ஜனங்கள் அவரவர் காட்டைப் பார்க்க ஓடினார்கள்.

பூவாத்தாளின் வாழை அத்தனையும் விழுந்துவிட்டது. இன்னும் இருபது நாளில் வெட்ட வேண்டிய தார்கள். ஒன்றுகூட நிமிர்ந்து நிற்கவில்லை. மாட்டுச்சாளைக்குக் கூரை இல்லை, ஆனால் மாடும் கன்றும் உயிரோடு இருந்தன. அப்பாடா என்று அவள் மூச்சு விட்டபோதுதான் நாற்றம் மூக்கில் ஏறியது.

தென்னை ஒன்று வேரோடு சாய்ந்து தொட்டியின் மேல் விழுந்திருந்தது. தொட்டியின் அடிப்பாகம் கிழிந்துவிட்டது. சுவர் அப்படியே நின்றது, ஒரு கீறல் இல்லை. அதற்குள் எட்டாயிரம் லிட்டர் ஆயில் நின்றிருக்க வேண்டும். கணுக்கால் அளவுக்குத்தான் இருந்தது. மீதி எல்லாம் அந்தத் துளை வழியாக இறங்கி, வடிகாலில் ஓடி, வாய்க்காலுக்குப் போய்க்கொண்டிருந்தது. மட்டை சுவரடியில் சேற்றில் கிடந்தது.

அவள் அதைப் பாய்ந்து எடுத்து வெளிப்பக்கமிருந்தே துளையில் வைத்து, காலால் உதைத்து இறுக்கினாள். உள்ளே இறங்க முடியாது, உள்ளே ஆயில். மட்டை நின்றது. ஆனால் போக வேண்டியதெல்லாம் போய்விட்டது. கை இரண்டும் முழங்கை வரை கறுத்திருந்தது. ஒரு நிமிடம் அவள் அங்கேயே உட்கார்ந்து, "அய்யோ, நான் என்ன பண்ணிப்போட்டேன்" என்று வாய்விட்டுச் சொன்னாள். கேட்க யாரும் இல்லை.

வாய்க்கால் அங்கிருந்து இரண்டு மைல் ஓடி நாலு ஊருக்கான குடிதண்ணீர்க் கிணற்றை ஒட்டிப் போகிறது. அதற்கும் கீழே கடைமடை நெல் வயல்கள், பால் பிடிக்கிற பருவத்தில். பூவாத்தாள் எழுந்தாள். முதல் போன், மதகைப் பார்த்துக்கொள்கிற நஞ்சுண்டனுக்கு.

"நஞ்சுண்டா, மூணாம் மதகுக்கு ஓடு. ஆயில் வருது. ஷட்டர இறக்கு. அடியோட அடச்சுராத, தண்ணி முட்டிக் கரைய ஒடச்சுப்போடும். அடியில ஒரு சாண் விட்டு இறக்கு."

"ஒரு சாண் விட்டா ஆயிலும் போயிருமுங்களே அக்கா?"

"ஆயில் மேல மெதக்கும். தண்ணி அடியில போகும். மேல இருக்கறது ஷட்டர்ல முட்டி நிக்கும். ஓடு கண்ணு."

அடுத்த போன் அமீர் ஹம்சாவுக்கு. அவர் கோபியிலேயே இருந்தார். "தொட்டி போச்சுங்க பாய். ஆயில் வாய்க்கால்ல" என்றாள். சுவரைப் பற்றி அவர் கேட்டார். "நீங்க வாங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். பொய் சொல்லவில்லை. உண்மையையும் சொல்லவில்லை.

ரோடெங்கும் மரம் விழுந்து கிடந்ததால் தீயணைப்பு வண்டி வரக் காலையாகும் என்றார்கள். ஆக வேலையை ஊர்தான் செய்ய வேண்டியிருந்தது. ஷட்டருக்கு முன்னால் கறுப்புப் படலம் கூடக் கூட, ஓரங்களில் சுழித்து அடியில் நழுவப் பார்த்தது. ஷட்டருக்கு வருவதற்கு முன்பே ஒரு தடுப்பு வேண்டும், மிதக்கிற தடுப்பு. மிதக்கிறது எது என்று எல்லாரும் முழித்தபோது பூவாத்தாள் தன் தோட்டத்தைக் காட்டினாள்.

"வாழ மெதக்கும். எடுங்க."

"அதிகாரி வந்து சேதத்தப் பாக்கற வரைக்கும் விழுந்த மரத்தத் தொடக்கூடாதுன்னு சொல்றாங்களே பெரியம்மா. அப்பறம் நிவாரணம் கெடைக்காது" என்றான் தமிழ்வேந்தன். அவன் ஊராட்சி வார்டு உறுப்பினன், அவளுக்குப் பங்காளி முறை.

"கெடைக்காட்டிப் போச்சாது. எடுங்கன்னா எடுங்க."

நாற்பது பேர் வாழைத்தண்டுகளைச் சுமந்து வந்து, கயிற்றால் முனைக்கு முனை கட்டி, வாய்க்காலின் குறுக்கே மூன்று வரிசையாக மிதக்கவிட்டார்கள். கறுப்பு அதில் மோதி நின்றது. பூவாத்தாளைப் போல ஒரு மனுசி உண்டா என்று ஜனங்கள் அங்கேயே பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவள் காதில் அது விழுந்தது. அந்தப் பக்கம் திரும்பாமல் அடுத்த தண்டுக்குக் கயிறு கட்டினாள்.

தேங்கிய ஆயிலை எடுப்பதற்குப் பனியன் வேஸ்ட் மூட்டைகளைக் கொண்டுவந்து போட்டார்கள். அது தண்ணீரைக் குடித்து மூழ்கிப்போனது. அப்போதுதான் அமீர் ஹம்சா வந்து சேர்ந்தார். அறுபது வயது ஆள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே வாய்க்காலில் இறங்கினார்.

"வெளுத்த துணி ஆகாதுங்க, தண்ணியத்தான் குடிக்கும். மில்லுல கழிச்சுப் போடற வெளுக்காத பஞ்சு வேணும். அது தண்ணியத் தொடாது, எண்ணெய மட்டும் எடுக்கும்" என்றார். மகன் சஹீருக்குப் போன் போட்டார். சஹீர் கோயமுத்தூரில் தெரிந்த மில்லைத் திறக்கச் சொல்லி, டெம்போ நிறையப் பஞ்சுப் பொதியோடு சுற்றுவழியில் வந்து சேர எட்டு மணியாயிற்று. பஞ்சைப் பிய்த்துப் போட்டார்கள். வெள்ளையாக விழுந்தது கறுப்பாகக் கனத்து மிதந்தது. அள்ளிப் பிழிந்து டிரம்மில் ஊற்றினார்கள். மறுபடியும் போட்டார்கள். விடியும் வரை இதே வேலை.

எல்லாவற்றையும் தடுத்துவிட்டார்கள் என்று சொல்ல ஆசைதான். தடுக்கவில்லை. நஞ்சுண்டன் ஷட்டரை இறக்குவதற்கு முன்னாலேயே ஒரு பங்கு தாண்டிவிட்டது. குடிதண்ணீர் மோட்டாரை நிறுத்திக் கிணற்றைக் காப்பாற்றினார்கள். கடைமடையில் ராமாத்தாள் குத்தகைக்கு உழுத இரண்டு ஏக்கர் நெல்லில் ஆயில் பாய்ந்துவிட்டது. வரப்போரத்தில் கெண்டைகள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. ஒரு கொக்கு எழும்ப முடியாமல் இறக்கையை இழுத்து இழுத்து நடந்தது. ராமாத்தாள் அதைப் பிடித்து மடியில் வைத்துத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் அது செத்துவிட்டது. பிறகும் அவள் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வெளிச்சம் வந்ததும் அமீர் ஹம்சா கரையேறித் தொட்டிப் பக்கம் போனார். பூவாத்தாள் தூரத்திலிருந்து பார்த்தாள். அவர் சுவரைச் சுற்றி நடந்தார். உள்பக்கச் சுவரில் முழங்காலுக்கு மேல் ஆயில் ஏறி இறங்கிய கறை தெரிந்தது. குனிந்து துளையைப் பார்த்தார். மட்டை வெளிப்பக்கமிருந்து உதைத்துச் செருகப்பட்டிருந்தது. அவர் வெகுநேரம் அப்படியே குனிந்து நின்றார். அந்த அடைப்பைப் பற்றித் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்.

அவர் திரும்பி வந்து, கரையில் உட்கார்ந்திருந்த அவள் பக்கத்தில் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை வைத்தார்.

"மொதல்ல இதத் தேச்சுப்போட்டு அப்பறம் சோப்புப் போடுங்க அம்மணி. இல்லீன்னா தோல் புண்ணாயிரும்."

அவள் கையில் எண்ணெயை ஊற்றித் தேய்த்தாள். கறுப்பு இளகிக் கசிந்தது.

"பாய்…"

"ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க" என்றார் அவர், வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே. "எனக்கு இந்த எடம் இல்லீன்னா இன்னொரு எடம். நாப்பது வருசமா அப்படித்தான் மாறி மாறிப் போறேன். உங்களுக்கு இந்த ஒரு ஊருதான். நீங்க இங்கதான் இருக்கோணும்."

இதைச் சொல்லிவிட்டு அவர் மறுபடியும் தண்ணீரில் இறங்கிவிட்டார். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதில் பாதி, உண்மையைச் சொல்லவேண்டும், நிம்மதியாக இருக்கிறதே என்கிற வெட்கம். ஆமாம், நிம்மதியாகத்தான் இருந்தது. அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அந்த ஒரு கணத்தை அவள் பிற்பாடு மறக்கவே இல்லை.

ஒன்பது மணிக்கு மாசுத் தடுப்பு அலுவலகத்திலிருந்து இன்ஜினியர் கிருபாசங்கர் வந்தார். இளவயசு, கையில் பாட்டில்கள், பரிசோதனைக்குத் தண்ணீர் பிடித்தார், சுவரைப் போட்டோ எடுத்தார். அவரைச் சுற்றி நூறு பேர் கூடிவிட்டார்கள். தமிழ்வேந்தன் முன்னால் நின்றான்.

"சார், அப்பவே சொன்னோம். இந்த ஆளுக்கு எடம் குடுக்காதீங்கன்னு. சுவரு கட்டறன்னு ஊர ஏமாத்திப்போட்டான். ராமாத்தாளோட நெல்லு போச்சு. நாலு ஊருக்குக் குடிக்கத் தண்ணி இல்ல. இவன இன்னைக்கே புடிச்சு உள்ள வெக்கோணும். இல்லீன்னா நாங்க ரோட்டுல உக்காருவோம்."

"ஊர விட்டே தொரத்தோணும்" என்றது ஒரு குரல். நேற்று ராத்திரி பூராவும் அமீர் ஹம்சா பிழிந்து கொடுத்த பஞ்சை டிரம்மில் போட்ட அதே ஆளின் குரல்.

கிருபாசங்கர் அமீர் ஹம்சாவைக் கேட்டார். "சுவர் நல்லாத்தானே இருக்கு? எப்படிங்க வெளிய போச்சு?"

"அடைப்பு சரியாப் போடலீங்க சார்" என்றார் அமீர் ஹம்சா. "என்ற தப்புத்தான். எழுதிக்குங்க."

கிருபாசங்கர் எழுதினார். நடந்ததை எழுதி, சம்பந்தப்பட்டவர் கையெழுத்தும் ஊரில் ஒருவர் சாட்சிக் கையெழுத்தும் வாங்குவது வழக்கம். சாட்சி யார் என்று அவர் கேட்பதற்குள்ளேயே ஊர் பூவாத்தாளை முன்னால் தள்ளிவிட்டது. சங்கத் தலைவி, தன் வாழையையே கொடுத்தவள், அவளைவிட யார்?

"இதப் படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்கம்மா."

பூவாத்தாள் வாங்கிப் படித்தாள். 'அமீர் ஹம்சா என்பவரின் கவனக் குறைவினால்' என்று இருந்தது. பேனா கை எண்ணெயில் வழுக்கியது. அவள் கூட்டத்தைப் பார்த்தாள். நஞ்சுண்டன் நின்றான். பின்னால் ராமாத்தாள், செத்த கொக்கைத் துணியில் சுற்றிக் கையில் வைத்திருந்தாள்.

"இது பொய்யுங்க சார்" என்றாள் பூவாத்தாள்.

அமீர் ஹம்சா தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. அவள் அவரைப் பார்க்கவில்லை.

"அடைப்பு உருவுனது நானுங்க. நேத்து மூணே முக்காலுக்கு. கொசுவா இருக்குதுன்னு தண்ணிய வடிச்சு உட்டேன். பாய்கிட்டச் சொல்லல. பால் வண்டி ஆரன் அடிச்சான், அப்படியே போட்டுட்டு ஓடிட்டேன். காத்து வந்த பொறகுதான் வந்து வெளிய இருந்து செருகுனேன். போய்ப் பாருங்க, வெளிய இருந்துதான் செருகியிருக்கும். பாய் ஒரு நாளும் அப்படிச் செருக மாட்டாரு. அவரு கட்டுன சுவரு நல்ல சுவரு. அது மேல ஒரு குத்தமும் இல்ல."

வாய்க்காலில் வாழைத்தண்டுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்கிற சத்தம் மட்டும் கேட்டது.

முதலில் வாயைத் திறந்தவன் தமிழ்வேந்தன். குரல் தணிந்திருந்தது. "செரி உடுங்க பெரியம்மா. வேணும்னா பண்ணுனீங்க? மறதிதானே. மனுசன்னா மறதி வராதா? சார், இதப் போயிப் பெருசு பண்ணாதீங்க. காத்து அடிச்சதுக்கு யாரு என்ன பண்ண முடியும்?"

"ஆமாமுங்க சார், தெய்வச் செயல்" என்றது கூட்டம். "எழுத வேண்டாமுங்க. இதோட முடிச்சுக்கலாம்."

பூவாத்தாளுக்கு ராத்திரி முழுக்க வராத கோபம் அப்போது வந்தது.

"ஏன்டா தமிழு, இப்பத்தான் ஊர விட்டுத் தொரத்தோணும்னீங்க? உள்ள வெக்கோணும்னீங்க? ரோட்டுல உக்காருவோம்னீங்க? உக்காரு. வா, உக்காரு. அவரு செஞ்சா குத்தம், நான் செஞ்சா தெய்வச் செயலா? அதே ஆயிலுதான்டா. அதே வாய்க்கால்தான்."

தமிழ்வேந்தன் தலையைக் குனிந்துகொண்டான். மற்றவர்களும் அப்படியே. ராமாத்தாள் மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். பூவாத்தாளை நேருக்கு நேர் பார்த்தாள்.

"என்ற நெல்லு போச்சே அக்கா" என்றாள். "பெரிய மனுசின்னு நெனச்சனே உன்ன."

துணியில் சுற்றிய கொக்கை அவள் பூவாத்தாளின் காலடியில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். அன்றைக்கு அந்தக் கரையில் நியாயமாகப் பேசியவள் அவள் ஒருத்திதான். பூவாத்தாளுக்கும் அது தெரிந்தது. தமிழ்வேந்தனின் மன்னிப்பைவிட அந்த வார்த்தையைத்தான் அவளால் தாங்கிக்கொள்ள முடிந்தது.

கிருபாசங்கர் எழுதிய தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதினார். பூவாத்தாள் அதில் சாட்சி என்று போட்டிருந்த இடத்தை விட்டுவிட்டு, மேலே சம்பந்தப்பட்டவருக்கான இடத்தில் கையெழுத்துப் போட்டாள். அமீர் ஹம்சா, ஆளில்லாத நேரத்தில் துளைக்குப் பூட்டு வைக்காதது தன் தவறு என்று அதையும் எழுதச் சொல்லிப் பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டார். சாட்சிக் கையெழுத்தை நஞ்சுண்டன் போட்டான். பிறகு பூவாத்தாள் கொக்கை வாழைத்தோட்டத்து ஓரத்தில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மறுபடியும் வாய்க்காலில் இறங்கினாள். அமீர் ஹம்சா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். இன்னும் மூன்று நாளுக்குப் பஞ்சு பிழிகிற வேலை இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். தொட்டியை அப்புறப்படுத்தினார்கள். அமீர் ஹம்சாவின் அனுமதியை நிறுத்திவைத்திருக்கிறார்கள், விசாரணை நடந்துகொண்டிருக்கிறது. சுவரை உள்ளும் புறமும் சுரண்டிக் கழுவ அவரே ஆள் வைத்தார். பூவாத்தாள் சங்கத் தலைவி பதவியை எழுதிக் கொடுத்துவிட்டாள். யாரும் வேண்டாம் என்று தடுக்கவில்லை. வைகாசி முழுக்க அவள் தினமும் ராமாத்தாளின் வயலில் இறங்கி, கறுத்துப்போன மேல்மண்ணைச் சுரண்டிக் கரையேற்றினாள். ராமாத்தாள் வேண்டாம் என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. இன்றைக்கு வரை பேச்சு இல்லை.

ஆடியில் நல்ல மழை பெய்தது. ஒரு நாள் சாயங்காலம் மழை விட்ட நேரத்தில் பூவாத்தாளின் போன் அடித்தது. சம்பவத்துக்குப் பிறகு அமீர் ஹம்சா அவளைக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை.

"அம்மணி, நல்லா இருக்கீங்களா? அங்க நல்ல மழைன்னாங்க. சுவத்துக்குள்ள தண்ணி நிக்குமுங்களே. கொசு வந்து கன்னுக்குட்டிக்கு ஆகாது. சிரமம் பாக்காம கொஞ்சம் வடிச்சு உடுங்க."

மறுமுனையில் அவர் காத்திருந்தார். நின்னு பாத்து அடைச்சுப்போட்டுப் போங்க என்கிற இன்னொரு வாக்கியம் பாக்கி இருந்தது, அது அவளுக்குத் தெரியும். அதை அவர் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டார்.

பூவாத்தாள் சுவருக்குப் போய் மட்டையை உருவினாள். மட்டையைச் சுவர் மேல் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். சுவருக்குள் தொட்டி இல்லை, ஆயில் இல்லை, காக்க வேண்டியது என்று எதுவுமே இல்லை. வெறும் மழைத்தண்ணீர் கலங்கலாக வடிந்துகொண்டிருந்தது. மேட்டிலிருந்து பால் வண்டியின் ஆரன் கேட்டது. கறந்த பால் கேனில் நிறைந்து சாளையில் இருந்தது. ஆரன் இரண்டாம் தரம் அடித்தது. அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்றாம் தரமும் அடித்துவிட்டு வண்டி போய்விட்டது.

கடைசிச் சொட்டு வடிந்ததும் அவள் சுவரைத் தாண்டி உள்ளே இறங்கி, குனிந்து, அடைப்பை உள்பக்கமாகச் செருகினாள்.